டின்னை அறுக்கும் கத்தியும் நம் வெங்காயமும்

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியாயிற்று. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

டிவி விளம்பரத்தில் டின்னை அறுத்துக் காட்டுகிற பன்னிரண்டு கத்தி செட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே விசாலம்.

டின்னை அறுத்த கையோடு தக்காளியையும் காகிதம் மாதிரி நறுக்கிக் காட்டுகிறார்களே என்கிறாய். அது பொய்யில்லை. ஆனால் குளிர்பான டப்பாவின் சுவர் வெறும் அலுமினியம், கனம் சுமார் 0.1 மி.மீ.தான். அதை அறுப்பது ரம்பம் மாதிரிப் பல் வைத்த கத்தி. டப்பாவில் உரசித் தேய்வது பல்லின் முனை மட்டும். பல்லுக்குப் பல் நடுவே இருக்கிற குழிவு அலுங்காமல் கூராகவே இருக்கும். தக்காளித் தோலை முனை கவ்வும், குழிவு அறுக்கும். இது பழைய காட்சி. 1978-ல் அமெரிக்காவில் கின்ஸு என்ற கத்தியை ஜப்பானியப் பெயரும் கராத்தே வெட்டுமாக டிவியில் விற்றார்கள். கத்தி தயாரானதோ ஒஹாயோ மாநிலத்தில்! கூட இது இலவசம், அதுவும் இலவசம் என்று அடுக்குவதும் அந்த விளம்பரத்தில் இருந்ததுதான்.

நாம் டப்பாவை அறுக்கப்போவதில்லையே. வெங்காயம், பீன்ஸ், கோஸ் பொடிப் பொடியாக நறுக்க வேண்டும். பல் கத்தி அழுத்தினால் வெட்டாது, இழுத்தால்தான் வெட்டும். வெங்காயம் கிழிபட்டுச் சாறு விடும், கண் இன்னும் எரியும். பெரும்பாலான பல் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சாய்த்துத் தீட்டியிருப்பார்கள். அதனால் பூசணியிலோ பெங்களூர் கத்தரிக்காயிலோ ஆழமாக இறக்கினால் கத்தி ஒரு பக்கமாக ஓடி, துண்டு மேலே மெலிசாகவும் கீழே தடியாகவும் வரும். பிரெட்டுக்கும் தக்காளிக்கும் அது நல்ல கத்திதான். அதற்குச் சில நூறு ரூபாயில் சின்னதாக ஒன்று போதும், பன்னிரண்டு எதற்கு?

முக்கியமான குறை வேறு. பல் மழுங்கினால் வீட்டில் தீட்ட முடியாது. ஒவ்வொரு குழிவுக்குள்ளும் மெல்லிய கோல் விட்டுத் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். தெருவில் வருகிற சாணைக்காரர் சக்கரத்தில் வைத்தால் பல்லே போய்விடும். மலிவான செட்டில் தகடும் மெலிசு, இரும்பும் மெத்து. பிடிக்குள் போகிற நாக்கு பாதியோடு நின்றிருக்கும், கருணைக்கிழங்கில் அழுத்தினால் பிடி ஆட ஆரம்பிக்கும். கலர் பூச்சுக் கத்தியும் வேண்டாம். தீட்டினால் பூச்சு உரியும்.

அந்தக் காசில் பல்லில்லாத கத்தி ஒன்றும் ஒரு சாணைக்கல்லும் வாங்கு. எட்டு அங்குலத்தில், நாக்கு பிடியின் கடைசி வரை போகிற எவர்சில்வர் கத்தி. ஜப்பானியக் கத்தி மேல் ஆசைப்படாதே. அதன் கடினம் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் போகும், கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் தேங்காயிலும் பரங்கித் தோலிலும் விளிம்பு உடையும். நம் சமையலுக்கு 55, 56 போதும். கடினம் குறைவதால் அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் சுலபமாகத் தீட்டலாம்.

கல் 1000 நம்பர் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்). பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப் போடு, ஈரத் துணி மேல் வை, நகராது. கோணம்தான் எல்லோருக்கும் தவறும் இடம். கத்தியின் அகலம் நாலரை செ.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. உயர்ந்திருக்கட்டும், ஏறக்குறைய 20 டிகிரி. அடியிலிருந்து நுனி வரை கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இரு. எதிர்ப்பக்கம் விளிம்பு முழுக்க மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக வழித்தால் சொரசொரவென்று தட்டும். விளிம்பு நெடுகப் போகாதே, விரல் அறுபடும். பிசிறு எழும் முன்னே திருப்பிவிடுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. எழுந்த பிறகு மறுபக்கமும் அப்படியே செய், கடைசியில் மாற்றி மாற்றி அழுத்தாமல் பத்துத் தடவை இழுத்துப் பிசிறைக் கழி.

கிரானைட் மேடையிலும் கண்ணாடிப் பலகையிலும் நறுக்காதே, ஒரே நாளில் மழுங்கும். மரப்பலகை வை. நறுக்கியதைக் கூரால் வழிக்காதே, கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளு.

அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாய். இறக்கிக்கொள். வாழைக்காய்க்கும் பலாக்காய்க்கும் அதற்கு ஈடில்லை. இரும்பு என்பதால் கழுவியதும் துடைத்து நல்லெண்ணெய் தடவி வை. சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல். விளிம்பு நீலம் பாரித்தால் சூட்டில் பதம் போயிற்று என்று அர்த்தம். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது.

அன்புடன்,
கோமதி