தொலைந்த கருப்பனைப் பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் நாய் கருப்பனைக் காணவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அதன் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதே, அதை வைத்து நாய் இருக்கும் இடத்தைக் கண்டறிய முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அரிசி அளவேயுள்ள அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் பேட்டரியும் இல்லை, ஜி.பி.எஸ். கருவியும் இல்லை. ஸ்கேனரை அருகில் கொண்டுவந்தால், அதன் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன்னுள் பதிந்திருக்கும் 15 இலக்க எண்ணை மட்டும் அது தெரிவிக்கும். உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் சிப்பில் அல்ல, சிப் எண்களுக்கான பதிவேட்டில்தான் உள்ளன.

எனக்குக் கவலை அளிப்பது அந்தப் பதிவேடுதான். வீடு மாறியபோது தொலைபேசி எண்ணையும் மாற்றினீர்கள். அங்கே இன்னும் பழைய எண்ணே இருந்தால், யாரோ ஒருவர் நாயைப் பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோய் சிப் எண்ணைப் படித்த பிறகும் அழைப்பு உங்களுக்கு வராது. அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் திரிந்த, சிப் பொருத்தப்பட்ட நாய்களில் பாதிக்கு மேல் உரிமையாளரிடம் திரும்பின. திரும்பாதவற்றுக்கு முக்கியக் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண்களே. எனவே இன்றே பதிவேட்டைத் திருத்தி, நாய் தொலைந்துவிட்டது என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். சிப் எண் கைவசம் இல்லையென்றால், அதைப் பொருத்திய கால்நடை மருத்துவரிடம் இருக்கும்.

அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் படத்துடன் தகவல் கொடுங்கள். இயன்றவரை நேரிலும் போய்ப் பாருங்கள், ஏனெனில் வார்த்தையால் சொன்ன அடையாளத்தைக் கொண்டு நாயை இனங்காண்பது பிறருக்கு எளிதன்று. தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்திய சிப் நாளடைவில் தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்திருக்கக்கூடும் என்பதால், உடல் முழுவதும் மெதுவாக ஸ்கேன் செய்யும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

சுவரொட்டியில் சிப் எண்ணை அச்சிட வேண்டாம். பின்னங்காலில் உள்ள தழும்பையும் குறிப்பிடாதீர்கள். நாய் தம்மிடம் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட வேளையிலும் ஏமாற்ற முனைபவர்கள் இருப்பது வேதனையானது.

சிப் எண் கிடைத்ததும் எனக்கும் தெரிவியுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிப்பவை. எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதை அதைக்கொண்டு நானும் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்