அக்காவை மறுபடி சொல்லவைக்காதவர்களுக்கு

நேற்று சாயங்காலம் அக்கா, தனக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று எழுதிய ஆதரவுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். வீடும் உறுதியாகிவிட்டது. ராத்திரி தூங்கினாள், விடியும்வரை ஒரே தூக்கம். இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், வாக்கியங்கள் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நான் சொல்லப்போவதில்லை. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவள் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம், வருகிறேன். ஆனால் முதல் நன்றி, அக்காவுக்கான உதவிகளை ஒருங்கிணைக்கிற கேஸ் வொர்க்கர் மேடத்துக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி. நீங்கள் எங்களுக்குச் செய்தது நிறைய இருக்கிறது, அதில் நான் இங்கே பேசப்போவது நீங்கள் எழுதிய ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி.

உங்களிடம் வருவதற்கு முன்பு போகிற இடத்திலெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வீட்டு உதவிக்கு ஓர் இடம், பண உதவிக்கு ஓர் இடம், பிள்ளைகளின் பள்ளி, மருத்துவர், சட்ட உதவி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் 'நடந்ததை விவரிக்கவும்' என்று நாலு கோடு. அந்த நாலு கோட்டை நிரப்பிவிட்டு வந்தால் அக்காவுக்கு அடுத்த சில நாள் சாப்பாடு இறங்காது. ஓரிடத்தில் ஒருவர், "போன தடவை வேற வரிசையில சொன்னீங்களே" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, கோப்பைச் சரிபார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் பயங்கரமான ஒன்றுக்குள் மாட்டி வெளியே வந்தவர்களுக்கு அந்த நினைவு பெரும்பாலும் வரிசையாக வராது, துண்டு துண்டாக வரும், ஒரு வாசனையோ ஒரு சத்தமோ முதலில் வரும், நாள் கிழமை கடைசியில் வரும், சில சமயம் வராமலே போகும். இதை அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்காருகிற எல்லோருக்கும் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு வெளியே வந்த அக்கா, இனி எங்கேயும் வரமாட்டேன் என்றாள். எனக்கும் அவளை வற்புறுத்த மனம் வரவில்லை.

உங்களிடம் வந்தபோதும் அதையேதான் எதிர்பார்த்தோம். நீங்கள் கோப்பைத் திறக்கவே இல்லை. எங்கே உட்கார்ந்தால் வசதியாக இருக்கும் என்று கேட்டீர்கள், கதவு தெரிகிற மாதிரி இருந்த நாற்காலியை அவள் எடுத்துக்கொண்டாள். அப்புறம், இங்கே பேசுவதில் எதை ரகசியமாக வைக்க முடியும், எதை வைக்க முடியாது என்று விளக்கினீர்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் நான் மேலிடத்தில் சொல்லியே ஆக வேண்டும், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஏமாந்த மாதிரி இருக்கக் கூடாது என்றீர்கள். கேட்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அங்கேதான் உங்கள்மேல் நம்பிக்கை வந்ததாம். விதியை முன்கூட்டியே சொன்ன முதல் ஆள் இவர்தான் என்றாள்.

அதே நாளில் என்னையும் பார்த்து ஒன்று சொன்னீர்கள். அதுவரை எல்லா அலுவலகத்திலும் நான்தான் அக்காவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி அருகில் இருக்கட்டும், மொழிபெயர்க்க வேறு ஆள் இருக்கட்டும்" என்றீர்கள். தம்பி முன்னால் ஒரு அக்கா சொல்லக்கூடியது கொஞ்சம்தான், அதைத் தம்பியே இன்னொரு மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும் என்றால் அதிலும் பாதி போய்விடும். உங்கள் பேச்சைக் கேட்டதும் எனக்கு மூச்சு விட்டது போல் இருந்தது. அதோடு நிற்காமல் அக்காவிடம் கேட்டீர்களே, ஆணா பெண்ணா, நேரிலா தொலைபேசியிலா, நம் ஊர்க்காரராக இருந்தால் பரவாயில்லையா, தெரிந்தவர்களுக்குப் போய்விடும் என்று பயமா என்று. அந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நம் ஆட்களே வந்து பேசினால் நமக்கு நிம்மதி என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். சின்ன சமூகத்தில் நம் ஆட்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து, தொலைபேசி வழியாக, அக்காவின் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் மொழிபெயர்த்தார். குரலை மட்டும்தான் கேட்டோம், முகம் தெரியாத அந்தச் சகோதரிக்கும் நன்றி.

இப்போது அந்தப் பக்கம். அடுத்த முறை போனபோது ஒரு தாளை எடுத்து வைத்தீர்கள். மற்ற அலுவலகங்களில் இருந்த காகிதங்களை அக்காவின் சம்மதக் கையெழுத்தோடு வாங்கி, நீங்களே படித்து, ஒரு பக்கமாகச் சுருக்கி வைத்திருந்தீர்கள். "திரும்பச் சொல்ல வேண்டாம். நான் வாசிக்கிறேன். தப்பு இருந்தால் அடியுங்கள். சரியாக இருந்தாலும் வேண்டாம் என்று தோன்றினால் அடியுங்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா நம்பவில்லை. மொழிபெயர்ப்பாளரை மறுபடி சொல்லச் சொன்னாள். உண்மையாக இருந்தாலும் அடிக்கலாமா? அடிக்கலாம், போகிற இடத்துக்குத் தேவையானது மட்டும் போனால் போதும் என்றீர்கள்.

அடித்தாள். நன்றாக அடித்தாள். கடைசியில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது. அதில்கூட ஒரு பெயரடையை எடுத்துவிட்டாள், 'பரிதாபமான' என்கிற மாதிரி ஏதோ ஒன்று. மீதிப் பக்கம் முழுக்க, இவளோடு எப்படிப் பேச வேண்டும் என்பது. பின்னால் இருந்து கூப்பிடாதீர்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால் அது எதற்கு என்று சொல்லுங்கள். பேச்சு நின்றுவிட்டால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள், ஒத்துழைக்க மறுக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள் (இது அக்கா தானே சேர்த்தது, இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்). நீங்கள் வாசித்தீர்கள், அவள் திருத்தினாள், இன்னொரு முறை வாசித்தீர்கள். அடுத்த நபர் காத்திருக்கிறார் என்று உங்கள் கதவை யாரோ தட்டினார்கள், பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்பினீர்கள்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் அந்தத் தாள் மேசைக்குப் போகும், அக்கா வாய் திறக்க வேண்டியதே இல்லை. வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து, அக்காவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தக் கேள்வி எதற்கென்றால்" என்று ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

நான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கிற ஆள், அதனால் உளக்காயம் பட்டவர்களை மறுபடி காயப்படுத்தாமல் உதவுகிற இந்த முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சாம்சா என்கிற அரசு மனநலச் சேவை அமைப்பு 2014-இல் இதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, தேர்ந்தெடுக்கிற உரிமை, பண்பாட்டையும் வரலாற்றையும் பாலினத்தையும் கணக்கில் எடுப்பது என்று ஆறு கொள்கைகள். உதவி செய்ய வந்த அமைப்பே மறுபடி காயப்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைப் படித்தபோது அந்த நாலு கோடு போட்ட படிவங்கள்தான் ஞாபகம் வந்தன. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஆளை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் நல்லது என்றுதான் ஒரு காலத்தில் நிறையப் பேர் நம்பினார்கள். அது பின்னால் வரக்கூடிய உளக்காய நோயைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பின் 2002-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. 'மனசுல வச்சுக்காத, கொட்டிடு' என்று அக்காவிடம் சொன்ன எல்லா நல்ல உள்ளங்களுக்கும் இதைத் தெரியப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பேசவே கூடாது என்றும் இல்லை. ஜூடித் ஹெர்மன் என்கிற மனநல மருத்துவர் 1992-லேயே மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார், முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்கும் அப்புறம் மறுபடி மனிதர்களோடு சேர்வது. எங்களுக்கு எல்லோரும் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் அக்காவின் திட்டம் எனக்கு அவ்வளவு பிடித்தது. "உங்களுக்கு என்ன பிரச்சினை என்று உங்கள் பெரியம்மாவிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் 16 கேள்விகள் கொண்ட ஒரு பண்பாட்டு நேர்காணல் 2013-இலிருந்து இருக்கிறதாம், இதே போன்ற கேள்வி அதில் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா சொன்ன பதில், "தூக்கம் போச்சு, மார்ல பாரமா இருக்கு." அவ்வளவுதான். உளக்காயம், மன அழுத்தம் என்ற எந்த வார்த்தையும் அவள் வாயில் வரவில்லை, நீங்களும் திணிக்கவில்லை. திட்டத்தின் முதல் தலைப்பே 'தூக்கம்' என்று எழுதினீர்கள். அதற்குக் கீழேதான் பூட்டக்கூடிய வீடு, வாடகை உதவி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வந்தன. ஆலோசனை அமர்வுகள் 'அக்கா கேட்கும்போது' என்று தனியாக, தேதி இல்லாமல் இருக்கின்றன.

குடும்பத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதையும் நீங்களாக முடிவு செய்யவில்லை. உங்களைப் போன்றவர்களின் வீடுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். பெரியம்மாவைக் கேட்காமல் எதுவும் வேண்டாம், சித்தப்பாவுக்கு எதுவும் போகக் கூடாது என்று அக்கா சொன்னாள். இரண்டும் அப்படியே திட்டத்தில் ஏறிவிட்டன. (சித்தப்பா இதைப் படித்தால், ஆம், அப்படித்தான்.) இன்னொன்று, வரவேண்டிய நாளில் வராவிட்டால் கோப்பை மூடுவதுதான் நாங்கள் பழகிய வழக்கம். தவிர்ப்பது அந்தக் காயத்தின் அடையாளங்களில் ஒன்று, அதற்காகவே ஆளைத் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் உதவுவது என்று உங்கள் மேலாளரிடம் வாதாடி, வராவிட்டால் முதலில் குறுஞ்செய்தி, அப்புறம் அழைப்பு, அதற்கும் பதில் இல்லையென்றால் பெரியம்மாவுக்கு ஒரு போன் என்று எழுதவைத்தீர்கள்.

மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில்: பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வீட்டுப்பாடம் எழுதவைத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், சட்ட உதவி வழக்கறிஞர், தானும் இதே வழியாக வந்தவள் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்காவோடு சும்மா நடந்துவிட்டு வருகிற அந்த ஆதரவுக் குழுப் பெண்கள், சம்பளத்தில் பிடிக்காமல் விடுப்புக் கொடுத்த என் மேலதிகாரி, பணம் அனுப்பிவிட்டு எதற்கு என்று கேட்காத நண்பர்கள், எதுவுமே சொல்லத் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள். யாரையாவது விட்டிருந்தால் நேரில் திட்டுங்கள்.

சரி, நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். சமூக சேவை மொழிபெயர்ப்புக்கான பயிற்சியில் சேரப்போகிறேன். தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்க்க மாட்டேன், எங்கோ தொலைவில் இருக்கிற, என் முகம் தெரியாத யாருக்காவது. மேடம், உங்களைப் போன்றவர்கள் ஒரு நாளில் எத்தனை பேரின் கதையைக் கேட்கிறீர்கள் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. கேட்பவர்களுக்கும் அது உள்ளே தங்கும் என்கிறார்கள். உங்களுக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று உங்கள் அலுவலகம் கேட்டால் நன்றாக இருக்கும், இதை அவர்களுக்குத் தனிக் கடிதமாகவும் எழுதப்போகிறேன்.

வீடு மாற்றுகிற அன்று சாமான் தூக்க ஆட்கள் வேண்டும். வர முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள், அக்காவுக்கு வேண்டாம். வந்தால் நடந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள், வானிலை, கிரிக்கெட், பிள்ளைகளின் மார்க் எதை வேண்டுமானாலும் பேசுங்கள். அக்கா சொல்லச் சொன்னது: கட்டில் தருகிறேன் என்று ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், இனி கட்டில் வேண்டாம், யாரிடமாவது பழைய புத்தக அலமாரி இருந்தால் அதைத் தரலாம்.