வீடு வாங்கப் போகிறவர்கள் ராத்திரியிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் ஞாயிறுதோறும் வரும் வீட்டு விளம்பரங்களில் 'கடைவீதிக்கு மிக அருகில்' என்ற வரியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற மார்த்தாண்டத்தில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு முடுக்கில் (குறுகலான சந்தில்), நாலரை சென்ட் இடத்தோடு பழைய மாடி வீடு வாங்கினேன்.

தரகர் எங்களை இரண்டு தடவை கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை நடக்கிற நேரம், பாதிக் கடைகள் ஷட்டர் போட்டிருந்தன, முடுக்கில் ஒரு சைக்கிள்கூட இல்லை. சந்தைக்கு நடந்தே போய்விடலாம் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மூலப்பத்திரம், பட்டா எல்லாம் வாங்கிப் பார்த்தேன், 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், வக்கீலிடமும் காட்டினேன். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அந்த முடுக்கு எப்படி இருக்கும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காதே.

குடிவந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. பகலில் ரோட்டில் வண்டி நிறுத்த முடியாததால் கடைகளுக்கு வரும் சரக்கெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இறங்குகிறது, அதுவும் எங்கள் கேட்டுக்கு முன்னால். அது ஓயும் நேரத்தில் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஏற்றிக்கொண்டு போகிற பெரிய டாரஸ் லாரிகள் ஆரம்பித்துவிடும். மேம்பாலத்தில் அவை போகிற சத்தம் நேராக மாடி அறைக்குள் வருகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் கண்ணாடி அதிர்கிறது. ஓணமும் கிறிஸ்துமஸும் வந்தால் எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தும் துணி எடுக்க ஆட்கள் வருவார்கள், வருகிறவர்கள் பைக்கை எங்கள் வாசலில்தான் விடுவார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். போன வருஷம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்து 108-க்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் முடுக்கின் முனையில் சரக்கு வண்டி நின்றது, டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். நானும் பக்கத்துக் கடைப் பையன்கள் இரண்டு பேரும் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தப் பையன்களை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

விற்றுவிட்டுப் போகலாமே என்று கேட்கிறார்கள். வேறு வீடு வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் மறுபடியும் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு வாங்கினால் அதுவே 5 லட்சத்து 40 ஆயிரம். தரகு வேறு. வங்கிக்கடன் பாக்கி இருக்கும்போது அவ்வளவு பணத்துக்கு எங்கே போக?

அதனால் வாங்கப் போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வேலைநாளில் ஒரு சாயங்காலமும் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவையும் தரகர் இல்லாமல் போய் நில்லுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள், அவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள். பத்திரத்தில் பாதை பாத்தியம், அதாவது வழியில் போய்வரும் உரிமை, நடைக்கு மட்டுமா வண்டிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். அப்புறம் அந்த இடம் குடியிருப்புப் பகுதியா வணிகப் பகுதியா என்று கேளுங்கள், நான் கேட்காமல் விட்டது அதைத்தான். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அனுமதி, வணிகப் பகுதியில் 55. நாளைக்குப் புகார் கொடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். சரக்கை ஒன்பது மணிக்குள் இறக்கிவிடுங்கள், முடியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும் டிரைவர் தன் போன் நம்பரைக் கண்ணாடியில் எழுதி வைத்துவிட்டாவது போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்