என் முதுகில் இருந்த பை

அன்புள்ள முரளி,

உனக்கு எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்தான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேகர் அதே வேலையில், அதே புலம்பலோடு இருக்கிறான். செய்தி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ரயில்.

சிரிக்காதே. ரயிலைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே ‘குடை’ என்று என் பழைய அசட்டுத்தனத்தை ஞாபகப்படுத்தி ஒரே சொல்லில் அடக்கிவிடுவாய், தெரியும். இந்தத் தடவை விஷயம் வேறு. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஆறும். வீட்டில் சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் சக பயணிகளைத் திட்டித் தீர்க்கிற ஆள் நான். இதைச் சொன்னால் அப்புறம் என்னை மதிப்பார்களா?

முதலில் என் பக்க நியாயத்தைக் கேள். பதினோரு வருடமாக அதே காலை வண்டி. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். கதவடியில் ஒருவர் தூண் மாதிரி நிற்பார். உள்ளே பத்துப் பேருக்கு இடம் இருக்கும், நகரமாட்டார். இறங்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். அவர் இறங்குவதோ கடைசி ஸ்டேஷனில். இன்னொருவர், இறங்குகிறவர்களுக்கு வழி விடாமல் முண்டிக்கொண்டு ஏறுகிறவர். இவராலேயே வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடுதலாக நிற்கிறது, பின்னால் வருகிற வண்டி சிக்னலில் காத்துக் கிடக்கிறது. கடைசியில் ‘இன்னைக்கும் லேட்டு’ என்று முதலில் அலுத்துக்கொள்கிறவரும் இவர்தான். கால்களை அகட்டி வைத்துக்கொண்டு இரண்டு பேர் இடத்தில் உட்காருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நியூயார்க் ரயில்களில் 2014இல் இதற்கென்றே போஸ்டர் தயாரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அப்புறம் தூங்குகிறவர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறியதும் வரிசையாக நாலு பேருக்குக் கண் சொக்கும். நிஜமாகவே தூங்குகிறவனுக்கு வாய் திறந்துகொள்ளும், தலை பக்கத்துத் தோளில் சாயும். இவர்கள் தலை மட்டும் ஆணி அடித்தாற்போல் நேராக நிற்கும்.

போனில் பேசுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். பக்கத்தில் இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டால் நம் பாட்டுக்கு இருந்துவிடுகிறோம். ஒரே ஆள் போனில் பேசினால் மட்டும் ஏன் தலை வலிக்கிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேச்சு மட்டும் காதில் விழும்போது அடுத்தது என்ன என்று மூளையால் ஊகிக்க முடிவதில்லை, அதனால் விட்டுத்தொலைக்கவும் முடிவதில்லை. ‘அய்யோ, அவளா அப்படிச் சொன்னா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டு வைத்துவிட்டால், யார் அவள், என்ன சொன்னாள் என்று நான் ஆபீஸ் போகும் வரை குழம்பிக்கொண்டிருப்பேன். அதனால்தான் போன மாதம் ஹெட்போன் வாங்கினேன், வெளிச் சத்தத்தை அடியோடு அடைக்கிற ரகம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வழக்கமான கூட்டம். ஒரு கை மேலே கைப்பிடியில், முதுகில் பை, காதில் ஹெட்போன். இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியதும் பின்னாலிருந்து என் பையில் ஒரு தள்ளு. கூட்டத்தில் சகஜம்தானே என்று விட்டேன். மறுபடி ஒன்று. மூன்றாவது தடவை எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கால் இரண்டையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு முதுகாலேயே ஒரு தள்ளுத் தள்ளினேன். பதிலுக்கு அங்கிருந்து இன்னொன்று வந்தது. இப்படியே ஐந்து ஸ்டேஷன், முரளி! மனதுக்குள் அந்த ஆளுக்கு உருவமே கொடுத்துவிட்டேன். தடியன், மீசைக்காரன், கதவடித் தூண் ஜாதி. வண்டி வளைவில் சாயும்போதெல்லாம் தேவைக்கு மேலேயே சாய்ந்தேன். உண்மையைச் சொல்வதானால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏழாவது ஸ்டேஷனில் கூட்டம் இளகியதும், முறைப்பதற்கென்றே திரும்பினேன்.

என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்திருந்தார், மறு கையை முகத்துக்கு முன்னால் மடக்கி வைத்திருந்தார். என் பையின் ஜிப் அவர் கன்னத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அவர் வாய் அசைந்தது. ஹெட்போனை இழுத்துக் கழற்றினேன்.

“அஞ்சு ஸ்டேஷனா சொல்லிட்டே வர்றேன் தம்பி” என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. களைத்துப் போயிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இறங்குகிற கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒருத்தர்கூட என் தோளைத் தட்டிச் சொல்லவில்லை. கதவடித் தூண்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் குணம்தான் உனக்குத் தெரியுமே, இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் பேராசிரியர் 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலுக்குத் தன் மாணவர்களை அனுப்பினார். காரணம் எதுவும் சொல்லாமல், உட்கார்ந்திருப்பவரிடம் போய் இடம் கேட்க வேண்டும். கேட்டதற்கு 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்துவிட்டார்கள். செத்துப் பிழைத்தது கேட்டவர்கள்தான். மில்கிராமே கேட்கப் போனபோது தொண்டையில் வார்த்தை சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்ததும், வாங்கியதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று நோயாளி மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாராம்.

நான் இந்தப் பதினோரு வருடத்தில் யாரிடமாவது ‘கொஞ்சம் உள்ளே போங்க’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. எல்லாம் முழங்கையாலும் முறைப்பாலும்தான். அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். அதுவும் மரியாதையாக, திரும்பத் திரும்ப. காதை அடைத்து வைத்துக்கொண்டு, அவர் கண்ணாடி உடையாமல் இருக்கத் தள்ளியதைச் சண்டை என்று நினைத்தவன் நான். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ரயிலில் பக்கத்து ஆளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு போவதுதான் சுகம் என்பாயே, அந்த உன் கட்சிக்குச் சாதகமான ஒரு சங்கதியும் அகப்பட்டது. மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். சிகாகோ புறநகர் ரயில் பயணிகளிடம் நடத்திய ஆராய்ச்சி, 2014இல் வெளிவந்தது. சிலரைப் பக்கத்திலிருக்கும் புது ஆளோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்ததாம். ஆனால் வேறு சிலரிடம் எது நன்றாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது, பேசாமல் இருப்பதுதான் என்றார்களாம். உன் வழக்கு ஜெயித்துவிட்டது என்று குதிக்காதே. உன் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அந்த இன்ஷூரன்ஸ்காரரை யாரும் விசாரிக்கவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே பெட்டியில் ஏறி அந்த அம்மாவைத் தேடினேன். காணவில்லை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், வீண். ஹெட்போன் மேஜை டிராயரில் கிடக்கிறது. போன் பேச்சுகள் மறுபடி காதில் விழுகின்றன, தலைவலியும் திரும்பிவிட்டது.

பையை இப்போது முன்பக்கம் மாட்டிக்கொள்கிறேன். என் தொப்பைக்கு மேல் அது எப்படி இருக்கும் என்று நீயே கற்பனை செய்துகொள். நேற்று ஒரு காலேஜ் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சட்டென்று எழுந்து, “உட்காருங்க சார்” என்றான். இடம் கொடுக்கிற வயதா எனக்கு? வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தலையைச் சாய்க்கலாமா என்று தோன்றியது. சாய்க்கவில்லை, நேராகத்தான் வைத்திருந்தேன்.

பதில் எழுது. குடையைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கிழித்துப் போடுவேன்.

உன்,
ரகு