ஒப்புக்குக் கொடுத்த பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், கட்சி என்ற கடிவாளம் இல்லாததால் சுயேச்சை வேட்பாளர் தமக்குப் பிடித்தவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கிக்கொள்ளலாம் என்று எழுதப்பட்டிருந்தது. நடைமுறை இதற்கு நேர்மாறானது. பெரிய கட்சிகள் இரண்டும் கோடைக்கால மாநாடு வரை ஆற அமர யோசிக்கலாம். சுயேச்சையோ மாநிலம் மாநிலமாகக் கையெழுத்துத் திரட்டித்தான் வாக்குச்சீட்டில் இடம்பிடிக்க வேண்டும். பல மாநிலங்களில் அந்த மனுவிலேயே துணை அதிபர் வேட்பாளரின் பெயரும் இருந்தாக வேண்டும் என்பதால், ஆள் அமைவதற்கு முன்பே பெயர் தேவைப்பட்டுவிடுகிறது.

1992இல் சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ, வியட்நாமில் ஏழரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்த ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் பெயரை, பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்குத்தான் கொடுத்தார். ஜூலையில் பெரோவே போட்டியிலிருந்து விலகி, அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார், பெயர் மாறவில்லை. அக்டோபர் 13 அன்று அட்லாண்டாவில், பெரிய கட்சிகளின் துணை அதிபர் வேட்பாளர்களான அல் கோர், டான் குவேல் என்ற இரண்டு தேர்ந்த பேச்சாளர்களோடு தொலைக்காட்சி விவாதத்தில் நின்ற முதியவர் ஸ்டாக்டேல், "நான் யார்? நான் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று தொடங்கினார். இன்ப துன்பங்களில் கலங்காதிருக்கச் சொல்லும் பண்டைய கிரேக்க ஸ்டோயிக் தத்துவத்தில் ஊறிய மனிதர் வேண்டுமென்றே கேட்ட கேள்வி அது, அரங்கம் சிரித்தது. பிறகு ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னவர், காதுக் கருவியை இயக்கி வைத்திருக்கவில்லை என்று காரணம் சொன்னார். ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் பெற்ற ஒரு வேட்பாளரின் துணைக்கு நேர்ந்த கதி இது. (சிரித்தவர்களைவிடப் பெரோ மீதுதான் எனக்குக் கோபம்.)

2024இல் ராபர்ட் கென்னடி இளையவருக்கும் இதே நெருக்கடி. துணை அதிபர் வேட்பாளர் பெயர் இல்லாமல் நெவாடாவில் திரட்டிய கையெழுத்துகள் செல்லாது என்ற பேச்சு எழுந்த மார்ச் மாதத்தில்தான், செல்வ வளம் மிக்க வழக்கறிஞர் நிக்கோல் ஷானஹானை அவர் அறிவித்தார். பிறர் தரும் நன்கொடைக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வேட்பாளரும் துணை வேட்பாளரும் தம் சொந்தப் பணத்தை அள்ளி இறைக்கத் தடையில்லை. அந்தத் தேர்வில் இந்தக் கணக்குக்குப் பங்கில்லை என்று நம்புவது கடினம்.

1980இல் சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன், விஸ்கான்சின் முன்னாள் ஆளுநர் பேட்ரிக் லூசியை முறையாகவே தேர்ந்தெடுத்தார். ஆயினும் சில மாநிலங்களின் வாக்குச்சீட்டில், அதற்கு முன் இடம்நிரப்பக் கொடுக்கப்பட்டிருந்த மில்டன் ஐசனோவரின் பெயரே கடைசிவரை இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.