‘எதையாவது’ விழுங்கினால் உப்புத் தண்ணீரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில் ஒரு வரி: ‘நாய் எதையாவது விழுங்கிவிட்டால் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைப் புகட்டுங்கள், வாந்தியில் வந்துவிடும்.’ வாந்தி வராவிட்டால் அந்த உப்பு எங்கே போகும் என்று எழுதியவர் யோசித்தாரா? ரத்தத்துக்குத்தான். சோடியம் ஏறும், மூளையிலிருந்து நீர் வற்றும், வலிப்பு வரும். விழுங்கிய பொருளுக்குத் தப்பிய நாய் உங்கள் யோசனைக்குத் தப்பாது.

அதென்ன ‘எதையாவது’? ஊசியும் கண்ணாடிச் சில்லும் உள்ளே போகும்போது கிழிக்காமல் விட்ட உணவுக்குழாயைத் திரும்பி வரும்போது கிழிக்கும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் கால் மணி நேரத்திலேயே திசு வேகத் தொடங்கிவிடும். காலுறை மாதிரி மெத்தென்ற பொருளாக இருந்து, விழுங்கி ஓரிரு மணி நேரம்தான் ஆகியிருந்தால், மருத்துவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். அதுவும் நாய் நல்ல நினைவோடு இருந்தால். அரை மயக்கத்தில் இருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

தையல் நூலை விழுங்குவதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. நூலின் ஒரு முனை இரைப்பையில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னே தள்ளிக்கொண்டே போகும். நாடாவை இழுத்த பாவாடை இடுப்பைப் போலக் குடல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குகிறதே என்று பிடித்து இழுத்தால், உள்ளே அது ரம்பமாக அறுக்கும்.

இது முதல் தடவையும் அல்ல. ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் கவலை வேண்டாம்’ என்று முன்பு எழுதினீர்கள். உலோகமும் கல்லும் எக்ஸ்ரேயில் தெரியும். துணியும் மெல்லிய பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் வேண்டும். அதற்கு அனுப்பிய மறுப்புக்கு இடமில்லை, குறுக்கெழுத்துக்கு அரைப்பக்கம் இருந்தது. அதற்கடுத்த அட்டையில் காலுறையைக் கவ்விய குட்டி, கீழே ‘குறும்பு!’ என்று வேறு. எங்கள் அறுவை மேசைக்கு வருவது அந்தக் குறும்புதான் ஐயா.

‘இரண்டு நாளில் மலத்தோடு போய்விடும்’ என்பதும் பாதி உண்மை. சில பொருள்கள் இரைப்பையில் வாரக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் குடலை அடைக்கும். அப்போது குடித்த தண்ணீரும் தங்காது. நாய் வயிற்றைத் தொடவிடாது. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். இரைப்பையில் இருக்கும்வரை பல பொருள்களை எண்டோஸ்கோப்பில் எடுத்துவிடலாம். குடலில் சிக்கினால் கத்திதான்.

நீங்கள் அறியாததல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் மூன்று வரி போடுங்கள், போதும்: ‘உப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள். மருத்துவர் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் உணவும் வேண்டாம். விழுங்கிய நேரம், நாயின் எடை இரண்டையும் குறித்துக்கொண்டு, கடித்த மிச்சத்தோடு உடனே மருத்துவரிடம் போங்கள்.’

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரு கால்நடை மருத்துவர்