சாட்சி மாறும்போது கேமராவை பி.பி. பக்கம் திருப்புங்கள்

கோர்ட் படமும் வெப் சீரிஸும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடத்துக்கு மேல் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொலை வழக்கு வருகிற படம் எதையும் விடமாட்டேன். நீதிபதி சுத்தியலால் தட்டுவதை மன்னித்துவிடலாம் (அந்தச் சுத்தியலை நான் கோர்ட்டில் பார்த்ததே இல்லை). அரசு வழக்கறிஞரை, அதாவது பி.பி.யை, நீங்கள் எழுதும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கதையில் அவர் காசு வாங்கியவர். இல்லாவிட்டால் "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்" என்று எழுந்து உட்காருகிற பொம்மை. சரி, அப்பாவியைக் காப்பாற்றும் கதைக்கு எதிர்த்தரப்பு வக்கீல்தான் நாயகன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செத்தவனுக்காகப் பேச அந்த அறையில் இருப்பவர் பி.பி. செஷன்ஸ் விசாரணையில் அரசுத் தரப்பை அவர்தான் நடத்த வேண்டும் என்பது சட்டம். குடும்பம் தனி வக்கீல் வைத்தாலும் அவர் பி.பி. சொல்படிதான் நடக்க வேண்டும்.

நீங்கள் தவறவிடுகிற காட்சி ஒன்று உண்டு. நேரில் பார்த்த சாட்சி கூண்டில் ஏறுகிறார். "சம்பவம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது." அவ்வளவுதான். பி.பி. கத்துவதில்லை. கையில் இருக்கும் வழக்குக் காகிதக் கட்டை ஒரு நிமிடம் புரட்டுவார். பிறகு, இவரைப் பிறழ்சாட்சியாக (அழைத்த தரப்புக்கே எதிராக மாறியவராக) கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். போலீசில் சொன்னதை வரி வரியாக எடுத்துக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் "அப்படிச் சொல்லவில்லை" என்று பதில் வரும். அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்துகூட இருக்காது, சட்டமே அப்படி. அதை வைத்து முரணைக் காட்டலாம், கொலையை நிரூபிக்க முடியாது. கத்தி எடுத்த மகசரில் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பதிவில்) கையெழுத்துப் போட்டவரும் மாறிவிட்டால் அப்புறம் மிஞ்சுவது டாக்டரும் விசாரணை அதிகாரியும்தான்.

இது முடிந்துபோன வழக்கு என்று நினைக்காதீர்கள். கோகுல்ராஜ் கொலை வழக்கைப் பாருங்கள். 2015-ல் திருச்செங்கோட்டுக் கோயிலில் தோழியுடன் இருந்தவர், பிறகு தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அந்தத் தோழியே பிறழ்சாட்சியானார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. சிறப்பு அரசு வழக்கறிஞர் ப.பா. மோகன் வாதாடினார். முக்கிய சாட்சி கைவிட்ட வழக்கைக் கோயில் சிசிடிவி பதிவு போன்ற சந்தர்ப்ப சாட்சியங்கள் தாங்கின. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. முதல் குற்றவாளியின் தண்டனையை 2023-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் இதில் ஒரு முழு சீரிஸ் இருக்கிறது.

இன்னொன்று. சாட்சி மாறிய அன்று வராந்தாவில் செத்தவனின் அம்மா நிற்பார். "சார், அவன் இப்படிச் சொல்லிட்டானே" என்பார். பி.பி. ஏதோ சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொல்லி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எழுதுங்கள்.

எழுதும் முன் ஏதாவது ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் போய் ஒரு வாரம் உட்காருங்கள். டிக்கெட் கிடையாது. செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள், கோர்ட் வாசலில் நிற்கும் ஊழியர், டவாலி, திட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு பழைய பெஞ்ச் கிளார்க்